ஆண்டியின் பிடி

மூட்டைக்கு ஓர் எண், எண்ணுக்கு ஒரு தோட்டம். இதையே ஜெயசீலன் காலையிலிருந்து ஒன்பது வீடுகளில் சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டு போயிருந்தான். மலைக் காப்பியை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு, ஒவ்வொரு கொட்டையும் காட்டை அழிக்காத நிலத்தில் விளைந்தது என்று தெரிந்தாக வேண்டும். பத்தாவது வீட்டில் குப்பாயியின் மூட்டை கட்டித் தயாராக இருந்தது. இந்த வருஷம் அவளுக்கு விளைந்ததே அந்த ஒரு மூட்டைதான். செல்போன் வரைபடத்தில் அவள் தோட்டம் பச்சையாகத் தெரிந்தது. அப்பாடா என்று கடைசிக் கேள்வியைக் கேட்டான்.

"வேற யாரு காப்பியும் இதுல கலக்கலையேம்மா?"

"காலிச் சாக்குல ஊரே ஆளுக்கொரு பிடி போட்டப்புறந்தானுங்க நம்ம கொட்டையைக் கொட்டுவோம். அதானுங்க எங்க வழக்கம்."

"ஆண்டியுமா?"

ஆண்டியின் தோட்டம் வரைபடத்தில் சிவப்பு. நாலு வருஷத்துக்கு முன்புதான் காட்டு மரங்களை வெட்டிவிட்டுக் காப்பி நட்டிருந்தார்.

"பக்கத்து வீடாச்சுங்களே. மொதப் பிடியே அவரோடதுதான்."

ஜெயசீலன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். இந்த மூட்டையை வண்டியில் ஏற்ற முடியாது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? குப்பாயி அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு தானே மூட்டையின் கட்டை அவிழ்த்தாள்.

"அப்ப அவரு பிடியை மட்டும் எடுத்துப்போடுங்க சார்."

அவன் எழுந்து, தோள்வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளினான். எங்கே போடுவதென்று தெரியாமல் பிடித்தபடியே நின்றான். குப்பாயி அந்தக் கையை உற்றுப் பார்த்தாள்.

"பத்தாதுங்க சார். ஆண்டிக்குக் கை பெருசு."