ஊதாச் சட்டை

"இதை எடுத்துட்டுப் போகாதம்மா. சட்டை ஊதாவா வந்திருக்கு."

பிரிண்ட் கடைக்காரர் தாளைத் தூக்கி மேசைமேல் போட்டார். கம்ப்யூட்டர் திரையில் பளிச்சென்று நீலச் சட்டை போட்ட ஒரு பெரியவர் இருந்தார். தாளில் அதே பெரியவர் ஊதாச் சட்டையில், முகம் கறுத்து, யாரோ மாதிரி இருந்தார். படத்துக்கு மேலே 'காணவில்லை'. கீழே 'படத்தில் உள்ள சட்டையையே அணிந்திருந்தார்'.

"பரவாயில்லைங்கய்யா. இதுவே போதும். இருநூறு போட்டுக் குடுத்துடுங்க" என்றாள் அந்தப் பெண். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவளுக்கு நிமிர்ந்து பார்க்கக்கூடத் தெம்பில்லை.

"பரவாயில்லையா? காணாமப் போனது உங்கப்பாவா, எங்கப்பாவா?"

அவர் தாளை எடுத்து அவள் பக்கம் நீட்டினார்.

"பஸ் பிடிக்க ஓடறவன் நின்னு முகத்தையா பாப்பான்? சட்டையைத்தான் பாப்பான். நீலச் சட்டைக்காரர் பக்கத்துலயே நிப்பாரு. இவன் ஊதாவைத் தேடிக்கிட்டுப் போயிடுவான்."

அந்தக் கடைக்கு வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் பொய் கேட்டு வருகிறவர்கள். கறுப்பை வெளுப்பாக்கு, தொப்பையைக் குறை. போன வாரம்தான் ஒரு மாப்பிள்ளைக்கு நெற்றிவரை முடி நட்டுக் கொடுத்திருந்தார். கேட்டதைச் செய்துவிட்டு, கேட்ட ஆளை நம்பாமல் பார்ப்பது அவர் வழக்கம். உள்ளது உள்ளபடி வேண்டும் என்று வெகுநாளைக்குப் பிறகு ஒரு வேலை வந்திருக்கிறது. அதை அரைகுறையாக விட அவருக்கு மனசில்லை.

அவள் போன் அடித்தது. கையில் பிடிக்கவும் அலுப்பாக இருந்ததோ என்னவோ, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

"அனுப்பின படத்தைப் பாத்தேன். சட்டைக் கலரு கரெக்டா இருக்கு. அதையே போடச் சொல்லு."

"சரிண்ணே."

"ஒட்டறவங்க சாயங்காலம் அங்கயே வந்து வாங்கிப்பாங்க. நான் இங்க பக்கத்து ஊர்ல லாட்ஜ் லாட்ஜா ஏறி இறங்கிட்டிருக்கேன். வெள்ளிக்கிழமைக்குள்ள ஆளு கிடைச்சாகணும். பத்திர ஆபீஸ்ல நேரம் வாங்கியாச்சு. இந்த ஒரு வேலையாவது உருப்படியா செய்."

போன் அணைந்தது.

"அண்ணனா?"

"ஆமாங்கய்யா."

"அப்பாவைத் தேடறானா, அவரு கைநாட்டைத் தேடறானா?"

"அண்ணனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "போன்ல பாத்துட்டுச் சரின்னு சொல்றதுக்கு என்ன. திரைக்குப் பின்னாடி விளக்கு எரியுது, எல்லாம் பளபளன்னுதான் தெரியும். தாளுக்கு ஏது விளக்கு? நானும் புத்தி கெட்டுப்போயி வெளிச்சத்தை முழுசா வச்சுட்டு வேலை பாத்திருக்கேன்."

திரையின் வெளிச்சத்தைப் பாதிக்கு இறக்கினார். பெரியவர் அங்கேயும் மங்கிப் போனார். முகத்தை மட்டும் தனியாகப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் ஏற்றினார். பிறகு நீலத்தில் ஒளிந்திருந்த சிவப்பைக் குறைத்தார். தானாகச் சரிசெய்யும் பொத்தான் ஒன்று இருந்தது. அதை அவர் ஒருநாளும் நம்பியதில்லை.

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு மட்டும் அடித்து, வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்தார். சட்டை பச்சையடித்தது. திரும்பி வந்தார். இரண்டாவது துண்டில் சட்டை சரி, முகம் சாம்பல்.

"போதுங்கய்யா. நேரமாகுது."

"இரும்மா. நீ வீட்டுக்குப் போயி என்ன பண்ணப் போற? அலைஞ்சு அலைஞ்சு காலைப் பாரு, எப்படி வீங்கியிருக்கு."

"மூணு ராத்திரியா தூக்கமில்லை" என்று மட்டும் சொன்னாள்.

"இப்படிப் பொண்ணு இருக்கிற வீட்டை விட்டுட்டு எதுக்குக் கிளம்பிப் போனாரு உங்கப்பா?"

"அப்பா எங்கண்ணன் வீட்டுலதான் இருந்தாரு."

அவர் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்றாவது துண்டும் தேறவில்லை. நான்காவதை வாசலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வந்து, திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். எது திரை, எது தாள் என்று சொல்ல முடியாது. காதோரத்து மச்சம்கூடத் தெரிந்தது.

"இப்பப் பாரு."

அவள் வெகுநேரம் பார்த்தாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்படியே அப்பாதான்."

"இதை ஒட்டினா நாளைக்கே யாராவது கையோட கூட்டிட்டு வந்துடுவாங்க. இருநூறு அடிச்சுடவா?"

"வேணாங்கய்யா. இதுல எனக்கு ஒண்ணு மட்டும் குடுங்க. ஒட்டறதுக்கு அந்த ஊதாவையே அடிச்சுடுங்க."

கடைக்காரருக்கு ஆத்திரம் பொங்கியது. "ஒரு மணி நேரமா கண்ணு நோக உக்காந்திருக்கேன். உனக்கென்ன கிறுக்கா? அதை ஒட்டினா உங்கப்பா எதிர்ல வந்து நின்னாலும் ஒருத்தனுக்கும் அடையாளம் தெரியாதும்மா."

"தெரியக் கூடாதுங்கய்யா" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "அண்ணன் அடிச்ச அடி தாங்காம, அந்தச் சட்டையோடவே ஆட்டோ பிடிச்சு வந்து, மூணு நாளா என் வீட்டு மாடியிலதான் படுத்திருக்காரு."