லிப்ஸ்டிக் தடவிய கத்தி

ரப்பர் கத்தியின் இரண்டு பக்கமும் என் மனைவி தன் லிப்ஸ்டிக்கைத் தடவினாள். நுனிக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாக.

பட்ட இடம் தெரிய வேண்டும் என்பதற்காக நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பயிற்சிக்கூடத்தின் நடுவில் நின்றேன். சுவரை ஒட்டி என் மாணவர்கள் பன்னிரண்டு பேர். வங்கிக் காசாளர், பல் மருத்துவர், லாரி ஓட்டுநர் என்று எல்லாரும் வளர்ந்த ஆட்கள்தான். ஆனால் சர்க்கஸ் பார்க்க வந்தவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள்.

விஷயம் இதுதான். திங்கட்கிழமை எங்கள் ஆறு வயது மகளை என் வகுப்பில் சேர்க்கப் போகிறேன். எங்கள் தற்காப்புக் கலையில் கத்தியைப் பிடுங்குவதற்கென்றே, கையை மடக்கிப் பிடிக்கும் பதினெட்டுப் பூட்டுகள் இருக்கின்றன. அவற்றைக் கற்றுக்கொண்டால் பாப்பாவை ஒருத்தனும் அசைக்க முடியாது என்று வீட்டில் நான் பீற்றிக்கொள்ளாத நாள் இல்லை.

இந்தப் பத்து வருஷத்தில் கூடத்துப் பக்கமே எட்டிப் பார்க்காத என் மனைவி, அதற்கு ஒரு நிபந்தனை போட்டாள். முதலில் தன்னைத் தடுத்துக் காட்ட வேண்டும். அப்புறம்தான் பாப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

தடுத்துவிட்டால் போச்சு. இருபது வருஷமாக நான் பார்க்கிற வேலையே அதுதானே.

மாணவர் கத்தியை நீட்டுவார். நான் மணிக்கட்டைப் பிடித்து உள்பக்கமாகத் திருகுவேன். கத்தி தரையில் விழும். நான் பிடிக்கும்வரை அவர் நீட்டிய கையை அப்படியே வைத்திருப்பார். அதை ஆசிரியருக்குத் தரும் மரியாதை என்று எங்கள் கூடத்தில் சொல்லுவோம்.

"புருஷன்னு பாக்காத, தைரியமா வா," என்றேன். பல் மருத்துவர் வாய்விட்டுச் சிரித்தார்.

அவள் கத்தியை நீட்டவே இல்லை.

அதைத் தொடைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, கடைக்குப் போகிறவள் போலச் சாதாரணமாக நடந்து வந்தாள். பக்கத்தில் வந்ததும் இடது கையால் என் சட்டையைக் கழுத்தருகே கொத்தாகப் பிடித்தாள். பிடியை விடாமல் என்னைச் சுவர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனாள்.

வலது கை கீழேயிருந்து வந்தது. வந்த கை நிற்கவில்லை.

மணிக்கட்டைத் தேடி என் கை போகும்போதெல்லாம் அது திரும்பிப் போயிருந்தது. மறுபடி வந்தது. வயிற்றில், விலாவில், குறுக்கே நீட்டிய என் உள்ளங்கையில், மறுபடி வயிற்றில். தையல் மெஷின் ஊசி இறங்குவது போல.

பதினெட்டில் ஒரு பூட்டுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. ஒரு கட்டத்தில் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டேன். பன்னிரண்டு பேர் அதைப் பார்த்தார்கள்.

கடைசியில் அவளாகத்தான் நிறுத்தினாள். ஆறு நொடி என்று லாரி ஓட்டுநர் தான் படம் பிடித்த செல்போனைப் பார்த்துச் சொன்னார்.

காசாளர் எழுந்து வந்து என் சட்டையில் இருந்த சிவப்புக் குறிகளை எண்ணினார். பதினேழு. நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினார். அப்போதும் பதினேழுதான். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு மூச்சு இரைத்தது. மானம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தப் பூட்டுகளை நம்பி, பயப்பட வேண்டாம் என்று எத்தனை பேரைத் தட்டிக்கொடுத்து அனுப்பியிருக்கிறேன் என்று மனசு கணக்குப் போட்டது.

அதற்குப் பிறகுதான் இன்னொன்று உறைத்தது. இவள் கத்தியைக் கையால் தொட்டு நான் பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டில் காய் நறுக்குவதுகூட நான்தான்.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?" என்று கேட்டேன்.

அவள் கத்தியைத் துணியால் துடைத்துக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "கத்துக்கல. பாத்தேன். அப்பா அம்மாவ இப்படித்தான் பண்ணாரு."

என் மாமியார் காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததாகத்தான் பெண் பார்க்கப் போன இடத்தில் சொன்னார்கள். அம்மா போனபோது இவளுக்கு எட்டு வயதாம். மாமனார் வெளியூரில் வேலையில் இருப்பதாகச் சொன்னார்கள். கல்யாணத்துக்குக்கூட அவர் வரவில்லை. அவர் பேச்சை எடுத்தாலே இவள் எழுந்து போய்விடுவாள். பெற்ற தகப்பனிடம் இவ்வளவு வீம்பு ஆகாது என்று நான் எத்தனையோ முறை கடிந்துகொண்டிருக்கிறேன்.

அவள் லிப்ஸ்டிக்கை மூடிப் பைக்குள் போட்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"வாங்க, வீட்டுக்குப் போலாம். பாப்பா தேடுவா."

நான் செல்போனை எடுத்துப் பார்த்தேன்.

அப்பாவையும் மகளையும் எப்படியாவது சேர்த்து வைத்துவிட வேண்டும் என்று, போன வாரம் அலைந்து திரிந்து மாமனாரின் போன் எண்ணைக் கண்டுபிடித்ததும் நான்தான். இவளிடம் மூச்சு விடாமல் இன்றைக்கு அவரை வீட்டுக்கு வரச் சொன்னதும் நான்தான். பாப்பாவுக்குத் துணையாக என் அக்காவை விட்டுவிட்டு வந்திருந்தோம்.

உன் மாமனார் வந்துவிட்டார், பேத்தி அவரிடம் நன்றாக ஒட்டிக்கொண்டாள், நான் கிளம்புகிறேன் என்று அக்கா செய்தி அனுப்பி ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.