ஐந்து ஊசி, ஒரே காளை

“நாலு பேர் வந்து பாருங்க இந்த அநியாயத்தை! வாயில்லாச் சீவன் மேல பழியைப் போட்டு வெட்டுக்கு அனுப்பப் பாக்கறாங்க!”

பல்லடத்துக்குத் தெற்கே, தன் வீட்டு வாசலில் நின்று முழங்கினான் தங்கதுரை. வீரபாண்டி பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அன்று அரைநாள் விடுப்பு. அவன் கையில் செவலைப் பசுவின் கயிறு. எதிரே மாட்டுத் தரகர் ஆத்தப்பன்.

ஐந்து முறை சினை ஊசி போட்டும் பசு சினை பிடிக்கவில்லை. பகல் பன்னிரண்டுக்குள் மருத்துவரிடமிருந்து நல்ல சேதி வராவிட்டால் பிடித்துப் போகலாமென்று தங்கதுரையின் தாய் ஜானகியம்மாள் தரகருக்கு வாக்களித்துவிட்டாள்.

“மாப்ளே, மணி பதினொன்னே முக்காலுங்க. கேரளா லாரி எனக்காவ நிக்காது. வறட்டு மாட்டுக்கு எதுக்கு இத்தனை வக்காலத்து?”

“அஞ்சு ஊசியும் ஒரே காளையோடதுங்க மாமா! அந்தக் காளையை ஆராச்சும் சோதிச்சீங்களா? பனியன்ல ஓட்டை விழுந்தா டெய்லரை மட்டுமா திட்டறோம்? துணியையும் விரிச்சுப் பாக்கறமில்ல?”

“காளைக்குப் போயி டெஸ்ட்டா? போட்டோவுல பாத்தேன், ஆனையாட்ட நிக்குது! அதுக்கென்னங்க கொறை?”

தங்கதுரைக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் தொழுவத்துக்குமாக நடந்தான். செல்போனை எடுத்தான், வைத்தான், மறுபடியும் எடுத்தான். கால்நடை மருத்துவர் ஆஷாவின் பின்னால் ஒரு மாதம் அலைந்து, அந்தக் காளையின் உறைவிந்துக் குச்சியை மரபணுச் சோதனைக்கு அனுப்பச் செய்தவன் அவன்தான். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆக வேண்டிய காரியம் பொய்த்துப்போனால், பெண்ணை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எந்த ஊர் நீதி? விசாரணையே இல்லாமல் தண்டனையா? அவன் நெஞ்சு கொதித்தது.

ஸ்கூட்டி வந்து நின்றது. ஆஷா ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே சிரித்தாள்.

“நீங்க சொன்னதுதான் சரி, தங்கதுரை. கருத்தரிப்பைக் குறைக்கிற மரபணு அடையாளம் அந்தக் காளைகிட்ட இருக்கு. அதோட ஊசி போட்ட மத்த மாடுகள்லயும் பாதிக்கு மேல சினை நிக்கலை. காளையை ஒதுக்கிட்டாங்க. உங்க பசுவை நான் நல்லாப் பாத்துட்டேன், ஒரு குறையும் இல்லை. வேற காளையோட ஊசி போடுவோம்.”

“கேட்டீங்களா மாமா!” தங்கதுரை பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். கண்கள் பனித்தன.

“இனிமேப்பட்டு காளைக்கும் சாதகம் பாக்கோணுமாட்ட இருக்குது” என்று முணுமுணுத்தபடி ஆத்தப்பன் வெறுங்கையோடு நடந்தார்.

“உங்களை மாதிரி நியாயம் பேசுற ஆம்பளைங்க பத்துப் பேர் இருந்தாப் போதும்” என்றாள் ஆஷா.

அப்போது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. வீட்டுக்குள்ளிருந்து தங்கதுரையின் மனைவி பூங்குழலி பெட்டியோடு வெளியே வந்தாள். அழுது சிவந்த முகம். பின்னாலேயே ஜானகியம்மாள், சீர்ப் பாத்திரங்களைத் தூக்கி வந்து காரில் வைத்தாள்.

“என்னங்க, ஊருக்கா?” என்று கேட்டாள் ஆஷா.

“தாராபுரத்துக்கு, அவங்கப்பன் ஊட்டுக்குங்க. ஒரேயடியா அனுப்பறோம்.” தங்கதுரை பசுவைத் தடவியபடியே சொன்னான். “கல்யாணமாயி அஞ்சு வருசம். வயித்துல ஒரு புழு பூச்சி இல்லீங்களே, வெச்சுட்டு என்ன பண்றதுங்க?”

ஆஷா பசுவையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். “நீங்க டெஸ்ட் எடுத்துப் பாத்தீங்களா?”

“நானா? நான் ஆம்பளைங்க, டாக்டரம்மா!”

கார் புறப்பட்டுவிட்டது, ஆனால் தெருமுனையை இன்னும் தாண்டவில்லை. வாசகரே, படித்தது போதும், எழுந்து போய்க் குறுக்கே நில்லுங்கள்!