படியில்லாத வண்டி

"கைய எடு அம்மணி."

அவள் எடுக்கவில்லை. கணவன் உட்கார்ந்திருந்த சக்கர நாற்காலியின் பிடிகளை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

டிராம் வந்து நின்றது. கதவு திறந்தது.

அவள் கண் நேராகக் கீழே போனது. நடைமேடைக்கும் வண்டியின் தரைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. படி கிடையாது.

லாரி மோதிக் கால்கள் போன பிறகு அவன் ஒரே ஒருமுறை பேருந்தில் ஏறினான். ஏறவில்லை, ஏற்றினார்கள். தூக்கியவர்களில் ஒருவருக்குக் கை நழுவியது. படிக்கட்டில் கிடந்தவனைச் சுற்றி நின்று எல்லோரும் பார்த்தார்கள்.

அன்றோடு சரி. கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டைவிட்டு அவன் வெளியே வரவில்லை. முடிவெட்டக்கூட சலூன்கார வேலுச்சாமிதான் வீட்டுக்கு வந்தார்.

இந்த டிராம் தண்டவாளம் வேண்டாம் என்று சாலையில் மறியலுக்கு உட்கார்ந்தவர்களில் அவளும் ஒருத்தி.

கடைவீதியைத் தோண்டிப் போட்டிருந்த வருடங்களில் அவர்களுடைய மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பலகை மேல் நடந்துதான் வர வேண்டியிருந்தது. யாரும் வரவில்லை. பக்கத்துப் பாத்திரக்கடை அப்பாஸ் பாய் விற்றுவிட்டுப் போனார். அங்கே இப்போது காபிக்கடை. எதிரே தியேட்டரை இடித்த இடத்தில் இந்த நிலையம்.

லாரியும் பேருந்தும் புறவழிச்சாலைக்குப் போய்விட்டன. தெருவோரம் வேப்பங்கன்றுகள். ஒரு பெண் சாலை நடுவே நின்று நிதானமாகச் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நானும் கூட வரட்டுங்களா?"

அவன் தலையசைத்தான். வேண்டாம்.

அவள் கையை எடுத்தாள்.

சக்கரங்களை அவனே தள்ளினான். இடைவெளியில் லேசாக ஒரு குலுக்கல்.

அவன் உள்ளே இருந்தான்.

கடைக்குத் திரும்பியும் வேலை ஓடவில்லை. ஒருவருக்குக் கண்ணாடியைத் தலைகீழாக நீட்டினாள்.

வேலுச்சாமி போன் செய்தார். "அக்கா, அண்ணன் நம்ம கடைக்கே வந்துட்டாருங்க! முடிவெட்டி, சேவிங் பண்ணி அனுப்பிட்டனுங்க. டிராம் ஏறிட்டாரு."

அவள் கடையை அப்படியே விட்டுவிட்டு நிலையத்துக்கு ஓடினாள்.

டிராம் வந்தது. கதவு திறந்தது. ஐந்தாறு பேர் இறங்கினார்கள்.

அவன் இறங்கவில்லை.

கதவருகே நாற்காலியில் இருந்தான். ஒட்ட வெட்டிய தலை. கழுத்தில் பவுடர்.

"ஏனுங், இறங்குங்க. கதவச் சாத்திருவாங்க."

"இரு. இது கடைசி வரைக்கும் எங்க போவுதுன்னு பாத்துட்டு வர்றேன்."

மணி அடித்தது. கதவு நகர ஆரம்பித்தது.

அவள் வாயில் வந்ததைக் கத்தினாள்.

"நேரத்தோட சோத்துக்கு வந்துருங்க!"

வெளியே கிளம்பும் ஆளைப் பார்த்து எந்த வீட்டு வாசலிலும் கேட்கிற குரல்தான்.

வண்டி போன பிறகும் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.