விழுந்தாலும் எழுந்துவிடுவேன்

"அந்தப் பொண்ணை விட்டுடுங்க மேடம். சரியான மக்கு. எதைக் கேட்டாலும் ஏடாகூடமாத்தான் சொல்லும்" என்றார் வகுப்பாசிரியை.

கேள்வித்தாளோடு வந்திருந்தவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. பிள்ளைகள் ஓடியாடி விளையாடுவதைப் பற்றிய வெளிநாட்டுக் கேள்வித்தாள் ஒன்றைத் தமிழாக்கியவள் அவள். ஒவ்வொரு வரியோடும் மல்லுக்கட்டித்தான் எழுதியிருந்தாள். அது குழந்தைகளுக்குப் புரிகிறதா என்று நேரில் கேட்டுப் பார்க்க இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தாள்.

'விழுந்தாலும் உடனே எழுந்துவிடுவேன்' என்ற வரிக்கு மூன்றாம் வகுப்பே 'ஆமாம்' என்றது. இந்தச் சிறுமி மட்டும் 'இல்லை'.

நூலக அறையில் சிறுமியைத் தனியாக எதிரே உட்கார வைத்தாள்.

"கண்ணு, இந்த வரி உனக்கு என்னன்னு புரிஞ்சுது?"

"உடனே எந்திரிக்கக் கூடாது மிஸ்."

"ஏன்டா? விழுந்தா எந்திரிச்சுத் திரும்ப விளையாடணும்ல?"

"எந்திரிச்சா இன்னும் விழும்."

"என்ன விழும்?"

"அடி." மேசை விளிம்பைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள் சிறுமி. "படுத்தே கிடந்தா அப்பா கொஞ்ச நேரத்துல போயிடுவார்."

பேனாவை மூடிவைத்துவிட்டு, சிறுமியை வகுப்புக்கு அனுப்பினாள்.

ஆய்வை நடத்தும் பேராசிரியர் வராந்தாவில் போன் பேசிக்கொண்டிருந்தார். முடிக்கும்வரை காத்திருந்து, சிறுமி சொன்னதைச் சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"பாவம்தான். ஆனா நம்மள வார்த்தையைச் சோதிக்கத்தான் உள்ள விட்டிருக்காங்க. வீட்டு விவகாரத்துல மூக்கை நுழைச்சா நாளைக்கே கதவைச் சாத்திடுவாங்க. இத்தனை பேரோட உழைப்பும் போச்சு."

"அப்ப அந்தப் பொண்ணு சார்?"

"வரியை மாத்துங்க. 'விழுந்தாலும்'கிற சொல்லே வேண்டாம். குழப்புது."

மனசு கேட்காமல் தலைமையாசிரியையின் அறை வாசல்வரை போனாள்.

"என்ன மேடம், ஏதாவது சொல்லணுமா?"

நாக்கு நுனிவரை வந்தது. கதவைச் சாத்திவிடுவார்கள் என்ற குரலும் கூடவே வந்தது.

"ஒண்ணுமில்ல மேடம். குடிக்கத் தண்ணி எங்க இருக்குன்னு கேக்க வந்தேன்."

அன்று சாயங்காலமே வரி மாறியது: 'ஒரு விளையாட்டு வராவிட்டாலும் திரும்பத் திரும்ப முயற்சி செய்வேன்.'

அடுத்த வாரம் மொத்த வகுப்பும் 'ஆமாம்' என்றது. அந்தச் சிறுமியும்தான்.

"பரவாயில்லையே, இந்த மக்குக்கே புரிஞ்சிடுச்சே!" என்று சிரித்தார் வகுப்பாசிரியை. பேராசிரியருக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா? சொல்லு சரியா இருந்தா எல்லாம் சரியாயிடும்" என்றார்.

அவள் காகிதங்களை அடுக்கிக்கொண்டு கிளம்பினாள். படியிறங்கும்போது பையின் வாரை யாரோ பிடித்து இழுத்தார்கள். திரும்பினால், அந்தச் சிறுமி.

"மிஸ், அன்னைக்கு நான் சொன்னதை எங்க ஸ்கூல்ல யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

குழந்தை பயந்துபோயிருக்கிறது என்று நினைத்தாள். குனிந்து கன்னத்தைத் தொட்டாள்.

"இல்லம்மா. இங்க யார்கிட்டயும் மூச்சு விடல. நீ பயப்படாத."

சிறுமி வாரை விட்டுவிட்டாள்.

"நீங்க சொல்லுவீங்கன்னுதான் மிஸ் சொன்னேன்."