லெப்டொப்புக்குள் என்ன பூட்ட?

"திரை பதினைஞ்சு இஞ்சா, பதினேழு இஞ்சா மகன்? கடைக்காரன் பக்கத்தில நிக்கிறான், சொல்லு."

கலீலுர் றஹ்மான் கத்தாரிலிருந்து கேட்டார். திருகோணமலையில், உள்துறைமுகத்தைப் பார்த்திருந்த டெலிபோன் கடையில் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றான் ஜவாஹிர்.

"பதினைஞ்சு போதும் வாப்பா."

"போதுமா எண்டு நான் கேக்கல்ல. எது வேணும்?"

ஜவாஹிர் தெருவைப் பார்த்தான். கடற்படை வாகனமொன்று துவக்குகளை நீட்டிக்கொண்டு மெதுவாகப் போனது. பக்கத்தில் றுக்கியா முக்காட்டின் நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றாள்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ முடிந்ததும் கலீலுர் றஹ்மான் இந்தக் கடைக்கு அழைப்பார். முதலில் மனைவி றுக்கியா கதைப்பாள். பிறகு ரிசீவரை ஜவாஹிரிடம் கொடுத்துவிட்டு, அவன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். போன வருடம் மூதூரில் சண்டை மூண்டபோது ஓடிவந்தவள், இன்னும் கிண்ணியாவில் உறவினர் வீட்டில்தான் இருந்தாள். கிண்ணியாவிலும் டெலிபோன் கடைகள் இருந்தன. ஆனாலும் படகில் கடலைக் கடந்து, பஸ்ஸில் இரண்டு சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, தன்னைத் தெரிந்தவர்கள் இல்லாத இந்தக் கடைக்குத்தான் அவள் வருவாள்.

சண்டை நடந்த அதே மாதம் கத்தாரில் கலீலுர் றஹ்மானுக்கு மாரடைப்பு வந்தது. மனம் அதிரும்படி எதையும் அவரிடம் சொல்லக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் நல்ல செய்தி மட்டும்தான். மூதூர் வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று. மாடு கன்று ஈன்றிருக்கிறது. பரீட்சை நன்றாக எழுதியாயிற்று.

இந்த லெப்டொப் கதையை அவர் தொடங்கி மூன்று கிழமை. சும்மா லெப்டொப் இல்லை, கேம் விளையாடுகிற லெப்டொப். அங்கே ஒரு கடையில் வெறும் கூட்டை வைத்திருக்கிறார்களாம். உள்ளே என்னென்ன வேண்டும் என்று நாம் சொன்னால் பூட்டித் தருவார்களாம். ஜவாஹிர் ஒவ்வொரு கிழமையும் ஒரு சாட்டுச் சொன்னான். இங்கே அடிக்கடி கரண்ட் போகிறது என்றான். பெரிய பற்றறி போடச் சொல்கிறேன் என்றார். சோதனைச் சாவடியில் கழற்றிப் பார்ப்பார்கள் என்றான். வீட்டுக்குள் வைத்து விளையாடு என்றார்.

"சரி, பதினேழு எண்டு சொல்லிட்டன்," என்றார் இப்போது. "கிராபிக்ஸ் காட் எது? இவன் நாலஞ்சு பேர் சொல்றான். எனக்கு விளங்கல்ல."

ஜவாஹிர் யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"அதுக்கெண்டு தனி மெமரி இருக்கிறதாப் பாருங்க வாப்பா. ஐந்நூற்றிப் பன்னிரண்டு எம்பி. ரேம் ரெண்டு ஜிபிக்குக் குறைய வேணாம், விளையாடக்குள்ள இழுக்கும்."

வேகமான ஹார்ட் டிஸ்க், காற்றாடி ஒன்றல்ல இரண்டு, இங்கே இருக்கிற வெக்கைக்கு ஒன்று தாங்காது என்று சொல்லிக்கொண்டே போனான். அவனுக்கு இதெல்லாம் மனப்பாடம். ஒரு நிமிடம் தெருவும் துவக்கும் மறந்துபோயின. பிறகு றுக்கியாவின் முகம் கண்ணில் பட்டது. சட்டென்று நிறுத்தினான். இவ்வளவு ஆசையோடு கதைத்தோமே என்று வெட்கமாக இருந்தது.

அவள் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். கிட்ட வந்து அவன் காதருகே, "வேணாம் எண்டு சொல்லு. ஆரிட்டயாவது குடுத்தனுப்பினா அவங்க வீட்டுக்கே வருவாங்க. அது ஏலாது," என்று முணுமுணுத்தாள்.



"இப்ப வேணாம் வாப்பா. நீங்க ஊருக்கு வரக்குள்ள பாப்பம்."

  வெளியே கிண்ணியாப் படகுத்துறைக்குப் போகிற பஸ் ஆட்களை ஏற்றத் தொடங்கியிருந்தது. றுக்கியா பஸ்ஸையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவ கிட்டவா நிக்கிறா?" என்று கலீலுர் றஹ்மான் கேட்டார். குரல் தணிந்திருந்தது.

"ஓம்."

"அவவுக்குக் கேக்குதா?"

"இல்ல."

"அப்ப முகத்தில ஒண்டும் காட்டாமக் கேளு. தோப்பூரால வந்த ஆதம்பாவா, நோன்புப் பெருநாளுக்கு முந்தியே எல்லாத்தையும் சொல்லிட்டார். என்ட மகன் ஷெல் பட்டு மௌத்தாகிப் பத்து மாசம் எண்டு எனக்குத் தெரியும், ஜவாஹிர்."

ஜவாஹிர் றுக்கியாவுக்கு முகம் தெரியாதபடி தெருப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நான் தாங்கமாட்டன் எண்டு அவ மறைக்கிறா. அதுக்காகவாவது கிழமைக்கு ஒருக்கா எழும்பி வெளிக்கிட்டு வாறா. அதக் கெடுத்துராத. அவனோட ஒண்டாப் படிச்ச நீ, அவன்ட இடத்தில நிண்டு என்னோட கதைக்கிறாய். இது உனக்குத்தான் வாங்குறன். உன்ட வீட்டு விலாசத்துக்கே அனுப்புறன். என்ன நிறம் எண்டு மட்டும் சொல்லு."

றுக்கியா அவனுடைய சட்டைக் கையை இழுத்தாள். "என்ன கேக்கிறார்? என்ன கேக்கிறார்?"

"நிறம் கேக்கிறார் மாமி," என்று ரிசீவரைப் பொத்திக்கொண்டு சொன்னான் ஜவாஹிர். பிறகு கையை எடுத்துவிட்டு, "கறுப்பு, வாப்பா," என்றான்.