மசக்கை

பாண்டுரங்கன் கூசாமல் பொய் சொன்னான்.

"என் சம்சாரம் முழுகாம கீறா, நாயக்கரே. இந்த நேரத்துல வூடு மாத்தக் கூடாதாமே."

ஐப்பசிக்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார் வீட்டுக்காரர் கபாலி நாயக்கர். அவருடைய மாப்பிள்ளைக்குப் பட்டணத்துக்கு மாற்றல் ஆகியிருக்கிறதாம். பாண்டுரங்கன் குடியிருக்கும் முன்கட்டு அவருக்கு வேண்டுமாம். மழையோ விடாமல் கொட்டுகிறது. அடையாறு கரை புரள்கிறது. டிராம் போகிற தெரு, போகாத தெரு என்று மயிலாப்பூர் முழுக்க அலைந்தும் ஒரு வீடு அகப்படவில்லை. அச்சாபீசில் எழுத்துக் கோக்கிறவன், பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு எந்தக் கூரையின் கீழ் போய் நிற்பான்?

பொய் நன்றாகவே வேலை செய்தது. பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற குடித்தனத்தைக் கிளப்புகிற பாவத்தை யார் சுமப்பார்கள்? அதுவும் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து வந்த சேதி. நாயக்கருக்கு முகமெல்லாம் சிரிப்பு. மனைவி கெங்கம்மாவிடம் சொல்ல அப்போதே கொல்லைப்பக்கம் நடந்தார். பாண்டுரங்கனும் பின்னாலேயே போனான்.

போனவன் கொல்லைப்படியிலேயே நின்றுவிட்டான்.

கொல்லைக் கொட்டகையில், தனித் தட்டும் தனிச் செம்புமாக, அவன் பெண்டாட்டி தேவானை ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். அன்று காலையிலிருந்து அவள் வீட்டுக்குத் தூரம். விடியும் முன்பே வீடு தேடக் கிளம்பிவிட்ட மகாராஜனுக்கு அது தெரியாது. கெங்கம்மா கிணற்றில் இறைத்து, மேலே படாமல் அவள் செம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

நாயக்கர் சேதியைச் சொன்னார்.

தேவானை புருஷனை நிமிர்ந்து பார்த்தாள். எத்தனையோ பொய் இருக்க, இதுவா கிடைத்தது இவனுக்கு? அவள் கண் நிறைந்துவிட்டது.

அப்புறந்தான் நாயக்கர் கொட்டகையைக் கவனித்தார்.

"அப்ப இது இன்னாத்துக்கு இங்க ஒக்காந்துகினு கீது?"



"மசக்கைங்க," என்றாள் கெங்கம்மா, வாளியைக் கீழே வைக்காமல். "அடுப்புப் பொகை ஆவலை அவளுக்கு. நான்தான் காத்தாட ஒக்காரச் சொன்னேன். நீங்க உள்ள போங்க."

நாயக்கர் தலையாட்டிக்கொண்டு போய்விட்டார்.

"அக்கா, அது சொன்னது பொய்க்கா," என்று தேவானை அழுதாள்.

"தண்ணி ஊத்தறவளுக்குத் தெரியாதா?" என்ற கெங்கம்மா, தீட்டு என்றும் பாராமல் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். மழை விடுகிறவரை தேவானை பிள்ளைத்தாய்ச்சிதான் என்று சொல்லிவிட்டாள். நாயக்கருக்கு மட்டும் தெரிய வேண்டாமாம்.

சாயங்காலம் நாயக்கர் பாண்டுரங்கனைத் தெருக்கோடிக்குத் தள்ளிக்கொண்டு போனார். மாப்பிள்ளைக்குக் கடுதாசி போட்டாயிற்று, தை மாசம் வரை வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். பாண்டுரங்கனுக்கு அவமானம் தாங்கவில்லை. நடந்ததைச் சொல்லிவிட வாயெடுத்தான்.

நாயக்கர் கையமர்த்திவிட்டு, இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

"அடுத்த மாசம் அந்த மூணு நாளும் தேவானையைக் கொல்லையில ஒக்கார வெக்காதே, நைனா. முன்கட்டுலயே இருக்கட்டும். எங்க வூட்டுக்காரிக்குத் தெரிஞ்சுடப் போவுது. பாவம், அவ மசக்கைன்னே நம்பிக்கினு கீறா."